பாவநிவாரண பலி: ஆடு செத்தது யாருக்காக?

வேதமாணவன்:
"லேவியராகமத்தில் ஆடு பாவிக்குப் பதிலாகச் சாகவில்லை, அதன் இரத்தம் கூடாரத்தைச் சுத்தம் பண்ணத்தான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். மோசேயின் பலிச் சட்டங்கள் இருக்கிற லேவியராகமத்தில், பாவத்துக்காகக் கொடுக்கிற பாவநிவாரண பலியைப் பற்றிய பேச்சு அது; கூடாரம் என்றது இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தை. 4ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாவம் செய்தவன் ஆட்டின் தலைமேல் கை வைக்கிறான், அவனே அதைக் கொல்கிறான். 17:11இல் இரத்தமே ஆத்துமாவுக்காகப் பாவநிவிர்த்தி செய்கிறது என்று கர்த்தரே சொல்கிறார். அவன் சாக வேண்டிய இடத்தில் ஆடு சாகிறது. இதில் என்ன குழப்பம்?

கொம்புக்கல்:
எழுதினது நான்தான் பிரதர். அதே 4ஆம் அதிகாரத்துக்கே வருவோம். ஆடு செத்தபிறகு இரத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். சாதாரண ஆள் அறியாமல் பாவம் செய்தால் வெள்ளாட்டுக்குட்டி. ஆசாரியன் விரலால் இரத்தத்தை எடுத்து, முற்றத்தில் இருக்கிற பலிபீடத்தின் மூலைகளில் நிற்கிற கொம்புகளில் பூசுகிறான், மீதியை அடியில் ஊற்றுகிறான். அபிஷேகம் பெற்ற ஆசாரியனோ முழுச் சபையோ தவறினால் காளை. இப்போது இரத்தம் கூடாரத்துக்குள்ளே போகிறது: திரைக்கு எதிரே 7 தரம் தெளிப்பு, தூபபீடத்தின் கொம்புகளில் பூச்சு. வருஷத்துக்கு ஒருதரம், 7ஆம் மாதம் 10ஆம் தேதி, திரையையும் தாண்டி, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனம் வரைக்கும். பாவம் பெரிதாகப் பெரிதாகக் கறை உள்ளே உள்ளே போகிறது, இரத்தமும் அதைத் துரத்திக்கொண்டே போகிறது. பாவியின் மேல் ஒரு சொட்டாவது படுகிறதா? 16:16இல் இஸ்ரவேலரின் தீட்டுகளினிமித்தம் பரிசுத்த ஸ்தலத்துக்காகவே பிராயச்சித்தம் என்று நேராகவே இருக்கிறது. லேவியராகமத்துக்கு மூன்று பாகங்களில் உரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் (1923–2010) வாதாடினதும் இதைத்தான்.

தபீத்தாள்:
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். 12ஆம் அதிகாரத்தில் பிள்ளை பெற்றவள் ஆண் குழந்தை என்றால் 40 நாள், பெண் என்றால் 80 நாள் கழித்துப் பாவநிவாரணத்துக்கு ஒரு புறாக்குஞ்சு கொண்டுவர வேண்டும். அவள் செய்த பாவம்தான் என்ன? மரியாளும் இதே சட்டப்படி இரண்டு பறவை கொடுத்ததாக லூக்கா 2இல் இருக்கிறது. "அது ஆதாமின் பாவம் அம்மா" என்று ஒரு போதகர் எனக்குச் சொன்னார். அப்படியானால் குழந்தையின் அப்பனுக்கு ஏன் பலி இல்லை?

வேதமாணவன்:
நல்ல கேள்விதான் சகோதரி. தீட்டுக்கும் பாவத்துக்கும் ஒரே பலி வைத்திருப்பதே மனுஷன் அடிமுதல் கெட்டிருக்கிறான் என்பதைக் காட்டத்தான் என்பது என் புரிதல்.

கொம்புக்கல் ஐயாவுக்கு ஒன்று. "ஒரு சொட்டாவது படுகிறதா" என்று கேட்டீர்கள். 14:14ஐ வாசியுங்கள். சொஸ்தமான குஷ்டரோகியின் வலது காது மடல், வலது கைப் பெருவிரல், வலது கால் பெருவிரல், மூன்றிலும் இரத்தம் பூசப்படுகிறது.

கொம்புக்கல்:
பூசப்படுகிறது, ஆனால் அது குற்றநிவாரண பலியின் இரத்தம். அதே ஆள் அதே நாளில் பாவநிவாரண பலியும் தனியாகக் கொடுக்கிறான், அந்த இரத்தம் அவன்மேல் படுவதாக ஒரு வரியும் இல்லை. இரண்டையும் கலந்தால் வாதம் எங்கேயோ போய்விடும்.

5:11க்கு என்ன சொல்வீர்கள்? புறா வாங்கவும் வழியில்லாத ஏழை ஒரு எப்பாவில் (தானியம் அளக்கிற அளவு) பத்தில் ஒரு பங்கு மெல்லிய மா கொண்டுவந்தால் போதும். எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம். அதுவும் பாவநிவாரண பலிதான், அவனுக்கும் மன்னிப்பு உண்டு. மாவில் யார் சாகிறார்கள்?

16:21ஐயும் பாருங்கள். அந்த 7ஆம் மாதம் 10ஆம் தேதி ஜனங்களுக்காக இரண்டு ஆடுகள், ஒன்று வெட்டப்படும், ஒன்று உயிரோடு நிற்கும். பிரதான ஆசாரியன் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு உயிருள்ள ஆட்டின் தலைமேல் சுமத்துகிறான். அந்த ஆடு உயிரோடு வனாந்தரத்துக்குப் போகிறது. வெட்டப்பட்ட மற்ற ஆட்டின்மேல் ஆரோன் கை வைத்ததாகவே அந்த அதிகாரத்தில் இல்லை. பாவம் சுமந்தது சாகவில்லை, செத்தது பாவம் சுமக்கவில்லை.

ஆமோஸ்_வாசகன்:
இரண்டு பேரும் இரத்தத்திலேயே நிற்கிறீர்கள். அடுத்தவன் பொருளை ஏமாற்றி எடுத்தவனுக்கு 6ஆம் அதிகாரம் என்ன சொல்கிறது? முதலை முழுசாகத் திருப்பிக் கொடு, கூட ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு, அப்புறம் ஆட்டுக்கடாவோடு வா. துணிகரமாய்ப் பாவம் செய்கிறவனுக்கு எண்ணாகமம் 15:30இல் பலியே கிடையாது, அவன் அறுப்புண்டு போவான். தன் படைவீரன் உரியாவைக் கொல்லவைத்த தாவீது ராஜா எந்த ஆட்டையும் தேடி ஓடவில்லை.

வேதமாணவன்:
ஆமோஸ், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சுமத்தலும் சாவும் சேரவே இல்லை என்று கொம்புக்கல் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. மாவு ஏழைக்குக் கொடுத்த சலுகை, சலுகையை வைத்துச் சட்டத்தை அளக்கக்கூடாது. லேவியராகமம் 10:17ஐ வாசியுங்கள். பாவநிவாரண வெள்ளாட்டை ஏன் புசிக்காமல் எரித்தீர்கள் என்று மோசே ஆரோனின் மகன்களான எலெயாசாரையும் இத்தாமாரையும் கடிந்துகொள்கிறார். சபையின் அக்கிரமத்தைச் சுமந்து தீர்ப்பதற்குத்தான் அது கொடுக்கப்பட்டது என்கிறார். வெறும் பீடத்தைத் துடைக்கிற காரியத்துக்கு இந்தப் பேச்சு எதற்கு?

கொம்புக்கல்:
வசனத்தில் சுமக்கிறது யார்? ஆடு இல்லை, அதைத் தின்கிற ஆசாரியர். "உங்களுக்கு" என்று அவர்களைப் பார்த்துத்தான் மோசே பேசுகிறார். அந்த இறைச்சியை வேகவைத்த மண்பானையை 6:28 உடைக்கச் சொல்கிறது, வெண்கலப் பானை என்றால் தேய்த்துக் கழுவச் சொல்கிறது. இரத்தம் தெறித்த வஸ்திரத்தைப் பரிசுத்த ஸ்தலத்திலேயே கழுவ வேண்டும். தண்டனை நிறைவேற்றி முடிந்த மிருகத்தின் கறிக்கு இவ்வளவு கெடுபிடி ஏன்? பீடத்திலிருந்து எடுத்த தீட்டு அதில் ஒட்டியிருக்கிறது என்றால்தான் பானை உடைவதற்கு அர்த்தம் கிடைக்கிறது.

வேதமாணவன்:
அந்தக் கறியை 6:29 "மகா பரிசுத்தமானது" என்கிறது. தீட்டு ஒட்டின கறியை ஆசாரியன் தின்பானா? பானையை உடைப்பது பரிசுத்தம் வெளியே போகாமல் இருக்கத்தான். அது இருக்கட்டும், "இரத்தம் சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்ற எபிரெயர் 9:22ஐ என்ன செய்வீர்கள்?

கொம்புக்கல்:
அதற்கு அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிப்பேன். பரலோகத்திலுள்ளவைகளே சுத்திகரிக்கப்பட வேண்டும் என்கிறது 9:23. பரலோகம் என்ன பாவம் செய்தது, அதற்குப் பதிலாக ஒருவர் சாக?