ஏழு ஆண்டு உழைக்க வேண்டிய கேமிங் கணினி: இந்தப் பட்டியலில் எதை மாற்றலாம்?

மாலைநிழல்:
வணக்கம். முதன்முறையாகப் பாகங்களை வாங்கி நானே கணினி பூட்டப் போகிறேன். கையில் இருப்பது நடுத்தரக் கணினிக்கான தொகை. அதற்கு மேல் புரட்ட வழியில்லை. குறைந்தது ஏழு ஆண்டு இதை வைத்தே ஓட்டியாக வேண்டும். இடையில் ஒரு முறை ஏதேனும் ஒரு பாகத்தை மாற்ற முடியும், அவ்வளவுதான். மானிட்டர் 1080பி, ஏற்கெனவே இருக்கிறது. கதையோடு வரும் பெரிய விளையாட்டுகள்தான் எனக்குப் பிடிக்கும்.

எழுதி வைத்திருக்கும் பட்டியல்: இன்டெல் ஐ5-12400எஃப், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், 8 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, லிக்விட் கூலர், வண்ண விளக்கு விசிறிகளுடன் கண்ணாடி கேபினட், அதோடு சேர்த்தே தரும் 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி).

8 ஜிபி கார்டு இத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்குமா? 650 வாட் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
தம்பி, முதலில் லிக்விட் கூலரையும் விளக்கு விசிறிகளையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 12400எஃப் போன்ற 65 வாட் செயலிக்கு லிக்விட் கூலர் வீண். அதில் பம்ப் என்று தேய்கிற உறுப்பு ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஏழு ஆண்டுக் கணக்கில் அது பாரம். சாதாரண ஏர் கூலரில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான், அதையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். இப்படி மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

650 வாட் தாராளமாகப் போதும். ஆனால் கேபினட்டோடு தரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். அதன் பக்கவாட்டில் ஒரு அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. 54 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்க 648 வாட். அது உண்மையான 650. 36 ஆம்பியர் என்று இருந்தால் 432 வாட்தான். பெட்டியின் மேல் 650 என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் சரி.

80 பிளஸ் முத்திரையை மட்டும் வைத்தும் முடிவெடுக்காதீர்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு. பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக வேலை செய்யுமா, உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் எத்தனை ஆண்டு வரும் என்பதையெல்லாம் அது சொல்லாது. ஏழு அல்லது பத்து ஆண்டு உத்தரவாதம் தரும் மாடலாகப் பார்த்து எடுங்கள். அடுத்த கணினிக்கும் அதையே மாற்றிப் பூட்டலாம்.

அடுத்து கார்டு. 8 ஜிபி இன்று 1080பி-க்குப் பல விளையாட்டுகளில் ஓடும். ஆனால் இப்போதே சிலவற்றில் உயர்ந்த டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) அமைப்பை வைத்தால் நிரம்பி வழிகிறது. நிரம்பியதும் மிச்சத் தரவு மதர்போர்டு வழியாகச் சாதாரண ராமுக்குப் போய்வர வேண்டியிருக்கும்; படம் திக்கித் திக்கி நகரும், அல்லது சுவர்களும் முகங்களும் மங்கலாகவே நிற்கும். நொடிக்கு எத்தனை படம் என்று சொல்லும் சராசரி எஃப்பிஎஸ் எண்ணைப் பார்த்தால் இது தெரியாது. 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 580 கார்டு 4 ஜிபி, 8 ஜிபி என இரண்டு வகையில் விற்றது. சில்லு ஒன்றுதான். நாள் ஆக ஆக 4 ஜிபி வாங்கியவர்கள்தான் முதலில் டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டிவந்தது. ஆகவே ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, இல்லையென்றால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. இரண்டுமே 8 ஜிபி வகையிலும் விற்கின்றன. பெயர் ஒன்றுபோலவே இருக்கும், பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய கார்டுகளை மலிவாக வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வெளிச்சத்தைக் காட்டும் ரே டிரேசிங் வசதி வன்பொருளில் இல்லையென்றால் தொடங்கவே தொடங்காத விளையாட்டுகள் 2024 முதல் வரத் தொடங்கிவிட்டன.

மாலைநிழல்:
மிக்க நன்றி அண்ணா. எஸ்எம்பிஎஸ்ஸில் இப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. செயலியும் போர்டும் அப்படியே இருக்கட்டுமா? ரைசன் 8500ஜி வாங்கி முதல் ஆண்டை அதிலுள்ள கிராஃபிக்ஸை வைத்தே ஓட்டிவிட்டு, பிறகு கார்டு வாங்கலாம் என்று நண்பன் சொல்கிறான்.

விசைப்பலகை:
8500ஜி வேண்டாம். பின்னாளில் கார்டு மாட்டும்போது அதற்கு நான்கு பிசிஐஇ தடங்களைத்தான் (கார்டுக்கும் செயலிக்கும் இடையே தரவு போகும் வழிகள்) அது தரும். செயலிக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷும் 16 எம்பி. ரைசன் 5 7600-இல் 32 எம்பி. விளையாட்டுக்கு அந்தக் கேஷ் முக்கியம். கார்டே வாங்கப்போவதில்லை என்பவருக்கு 8500ஜி நல்ல செயலி, உங்களுக்கு இல்லை.

12400எஃப் கெட்ட செயலி அல்ல. சிக்கல் போர்டில் இருக்கிறது. செயலி உட்காரும் அந்த எல்ஜிஏ1700 சாக்கெட் இன்டெல்லின் 14-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 செயலிகளுக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட். 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. முந்தைய ஏஎம்4-இல் அந்த வாக்கு பலித்தது: 2017-இல் வாங்கிய பி350 போர்டிலேயே பயாஸை (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்து, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யைப் போட்டு ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் ஒரே ஒரு மாற்றத்துக்கு இந்த வழிதான் பொருந்தும். 7600-ஐ ஏஎம்5 சாக்கெட் உள்ள பி650 போர்டில் போடுங்கள். கூலரும் அதன் பெட்டியிலேயே வரும்.

ஆனால் செம்புக்கம்பி விட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஏஎம்5 டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது. அதற்காக 16 ஜிபி கார்டைக் கைவிட வேண்டிய நிலை வந்தால், நான் ஏஎம்5-ஐ விட்டுவிட்டு பழைய ஏஎம்4-இல் ரைசன் 5 5600, பி550 போர்டு, டிடிஆர்4 என்று போவேன். கார்டில் குறைக்க மாட்டேன்.

செம்புக்கம்பி:
நியாயமான பேச்சு. ஆனால் 5600-இல் போனால் பின்னால் மாற்ற அதிக இடமில்லை. அதே சாக்கெட்டில் பொருந்தும் 5700எக்ஸ்3டி போன்றவை கிடைப்பதே அரிதாகிவிட்டது. நான் முதலில் வேறு இடத்தில் சுருக்கிப் பார்ப்பேன். நான்கு ராம் இடுக்குகள் உள்ள போர்டு, 16 ஜிபி குச்சி ஒன்று. வேகம் சற்றுக் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். கைக்குப் பணம் வந்ததும் அதே மாடலில் இன்னொன்று. 8 ஜிபி டிடிஆர்5 குச்சிகள் இரண்டை வாங்க வேண்டாம். அவை உள்ளமைப்பிலேயே மெதுவானவை, பிறகு இரண்டையும் கழற்றிப் போட வேண்டிவரும்.

7600-இல் இன்னொரு நன்மை, பலர் கவனிப்பதில்லை. எஃப் என்று முடியும் செயலிகளில் கிராஃபிக்ஸ் கிடையாது. ஐந்தாம் ஆண்டில் கார்டு பழுதானால் கணினி முழுவதும் முடங்கும். 7600-இல் சிறிய கிராஃபிக்ஸ் இருப்பதால், கார்டு பழுதுபார்க்கப் போயிருக்கும்போதும் திரையில் படம் வரும், மற்ற வேலைகள் நடக்கும்.

எஸ்எஸ்டி 1 டிபி எடுங்கள், டிஎல்சி வகை, ஐந்து ஆண்டு உத்தரவாதம். கேபினட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலைதான் வேண்டும். காற்று புகாத பெட்டியில் எல்லாமே சூட்டில் வேகும்.

மாலைநிழல்:
இதுதான் முடிவு: ரைசன் 5 7600, நான்கு இடுக்குள்ள பி650, 16 ஜிபி டிடிஆர்5 குச்சி ஒன்று, 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 1 டிபி எஸ்எஸ்டி, வலைமுகக் கேபினட், பத்து ஆண்டு உத்தரவாதமுள்ள 650 வாட். கூட்டிப் பார்த்தேன், கைக்குள் அடங்குகிறது. பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

விசைப்பலகை:
பயப்பட ஒன்றுமில்லை. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல. ராமை எந்த இடுக்கில் போடுவது என்று போர்டின் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் செயலியிலிருந்து இரண்டாவது. முதல் முறை பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் டிராம் என்ற சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பலர் இங்கேதான் பதறி அணைத்துவிடுகிறார்கள். டிடிஆர்5 ராமைப் போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. சில நிமிடங்கள் பிடிக்கும். அணைக்காமல் காத்திருங்கள். படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்குங்கள், இல்லையேல் ராம் அறிவித்த வேகத்தில் ஓடாது.

கால் மணி நேரம் கழித்தும் விளக்கு அணையவில்லையென்றால், மின் இணைப்பைத் துண்டித்து, ராமைக் கழற்றி, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி மீண்டும் பொருத்துங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் போர்டின் மாடல் பெயரையும் எந்த விளக்கு எரிகிறது என்பதையும் இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.