மறு: பெரியம்மைக் காலத்து ஊசிக்குப் பெயர் – இருமுனை ஊசியா, கவையூசியா?

அனைவருக்கும் வணக்கம்.

பெரியம்மைத் தடுப்பு மருந்தைக் குத்தப் பயன்பட்ட ஊசிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நீங்கள் விவாதிக்கும் இந்த இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது வாயைத் திறக்கக் காரணம், குழப்பத்துக்கு நானும் ஒரு வகையில் பொறுப்பு. தொற்றுநோய் ஒழிப்பு வரலாறு பற்றிச் சிறுவர்களுக்கான ஒரு நூலை மொழிபெயர்த்தபோது, 'பைஃபர்கேட்டட் நீடில்' (ஒரு நுனி மட்டும் இரண்டாகப் பிரிந்த ஊசி) வந்த இடத்தில் 'இருமுனை ஊசி' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். படம் வரைபவர் மூலத்தைப் பார்க்கவில்லை, என் தமிழைத்தான் பார்த்தார். வந்த படத்தில் ஊசிக்கு இந்தக் கடைசியிலும் கூர், அந்தக் கடைசியிலும் கூர். குத்துகிறவர் விரலையும் சேர்த்துக் குத்துகிற ஊசி! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருமுனை என்றால் வேறு எப்படி வரைவார்?

பெயர் அப்புறம். முதலில் பொருளைக் கையில் எடுத்துக்கொள்வோம். இழையில் பாதிப் பேர் இதை சிரிஞ்சின் முனையில் மாட்டுகிற ஊசி என்று நினைத்து எழுதியிருப்பதுபோல் தெரிகிறது. இதில் துளையே கிடையாது. சுமார் 6 செ.மீ. நீளமுள்ள எஃகுக் கம்பி, அவ்வளவுதான். ஒரு நுனியில் மட்டும் இரண்டு குட்டிப் பற்கள், நடுவில் ஒரு சந்து. கரைத்து வைத்த மருந்தில் நுனியைத் தொட்டு எடுத்தால் அந்தச் சந்தில் ஒரு துளி தொற்றிக்கொண்டு நிற்கும். ஒரு மில்லிலிட்டரில் 400-இல் ஒரு பங்கு. அளந்து எடுக்கிற வேலை இல்லை. சந்து பிடிப்பதுதான் அளவு. குத்துகிறவர் தன் மணிக்கட்டை மற்றவரின் மேற்கையில் ஊன்றிக்கொண்டு, ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு மிளகளவு இடத்துக்குள் 15 தடவை விறுவிறுவென்று குத்துவார். ஆழமாகக் குத்தக் கூடாது. அரை நிமிடத்தில் இலேசாக இரத்தம் துளிர்த்தால் சரியாகக் குத்தியாயிற்று என்று பொருள்.

இன்னொன்று. தோல் பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் குத்துவதற்கு முன் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கத் தேவையில்லை என்பதே அன்றைய நடைமுறை. ஸ்பிரிட் காயாமல் இருந்தால் மருந்தில் இருக்கும் உயிருள்ள வைரஸ் செத்துப்போகும். சுத்தம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற அந்தப் பஞ்சு, இந்த இடத்தில் வெறும் இடைஞ்சல்.

இந்த ஊசியைச் செய்தவர் பெஞ்சமின் ரூபின், அமெரிக்காவின் வயத் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தையல் ஊசியின் காதைத் தேய்த்துத் திறந்துவிட்டால் இரண்டு பல் கிடைக்குமே என்ற யோசனைதான் தொடக்கம். 1965-இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு உலக சுகாதார நிறுவனத்துக்காக அந்த நிறுவனம் உரிமத் தொகையை விட்டுக்கொடுத்தது. 1967-இல் பெரியம்மை ஒழிப்பு தீவிரமாகத் தொடங்கியபோது புழக்கத்தில் இருந்த கருவிகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம், பல் வைத்த சிறு வட்டைத் தோலில் அழுத்தித் திருகும் சுழல் கத்தி; அது வலி, புண் இரண்டையும் கொடுத்தது. இன்னொரு பக்கம், காலால் மிதித்து அழுத்தம் ஏற்றி மருந்தைத் தோலுக்குள் பீய்ச்சும் துப்பாக்கி. வேகமானது, ஆனால் பழுதானால் மெக்கானிக் வேண்டும். ரூபினின் ஊசியைக் கொதிக்கவைத்தோ தீயில் காட்டியோ திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். முன்பு 25 பேருக்குப் போதுமாக இருந்த மருந்து 100 பேருக்கு வந்தது.

சரி, இனி உங்கள் வரிகளுக்கு வருகிறேன்.

> தடுப்பூசி ஊசி என்று சொல்லிவிட்டுப் போகலாமே? புரியாமலா போகும்?

புரியும். ஆனால் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்குகிறது. காரணம், 'தடுப்பூசி' என்ற சொல் ஊசியை ஏற்கெனவே விழுங்கிவிட்டது. குப்பியில் இருக்கும் மருந்தும் தடுப்பூசி, அதைப் போடுகிற செயலும் தடுப்பூசி, போட்டுக்கொண்ட ஒரு தவணையும் தடுப்பூசி. உண்மையான ஊசியைச் சுட்ட வேண்டிய நேரத்தில் நம் கையில் சொல் இல்லை. மேலே சொன்ன துப்பாக்கியைப் பற்றி எழுதும்போது 'ஊசியே இல்லாத தடுப்பூசிக் கருவி' என்று எழுத வேண்டி வந்தது. சிரிப்புதான், ஆனால் நானே அச்சில் போட்டிருக்கிறேன்.

இதில் நமக்கு மட்டும் கூச்சம் தேவையில்லை. வாக்சின் என்ற சொல்லின் அடியில் இருப்பது லத்தீனில் பசு. 1796-இல் எட்வர்ட் ஜென்னர் ஒரு பால்காரப் பெண்ணின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததை ஒரு சிறுவனின் கையில் ஏற்றிய கதை தெரிந்ததுதான். பின்னால் லூயி பாஸ்டர் கோழி காலராவுக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் மருந்து கண்டபோது அவற்றில் பசு எங்கும் இல்லை. ஆனாலும் 1881-இல் லண்டனில் நடந்த மருத்துவ மாநாட்டில், ஜென்னருக்கு மரியாதையாக அந்தச் சொல்லையே எல்லாவற்றுக்கும் விரிக்கலாம் என்று அவர்தான் முன்மொழிந்தார். பசு போய் வெறும் பெயர் நின்றது. நம் சொல்லிலும் ஊசி போய்க்கொண்டிருக்கிறது. மூக்கில் பீய்ச்சும் மருந்தைக்கூட 'மூக்குவழித் தடுப்பூசி' என்று செய்தியில் எழுதுகிறார்கள். போகட்டும், அதைத் திருத்தப் புறப்பட்டால் ஆயுள் போதாது.

போலியோவில் மட்டும் தப்பித்தோம். யார் வைத்ததோ தெரியாது, 'சொட்டு மருந்து' என்று கண்ணுக்குத் தெரிந்ததைப் பெயராக வைத்துவிட்டார்கள். குழு கூடவில்லை, அறிக்கை வரவில்லை, எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. என் கட்சியும் அதுதான்: கருவிக்கு அதன் உருவமே பெயராகட்டும்.

> அம்மையூசி. நாலெழுத்து, அழகு.

அழகுதான், எண்ணிப் பார்த்தால் ஐந்தெழுத்து. ஆனால் அம்மை என்றால் எது? பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாம் வரிசையில் நிற்கின்றன. தட்டம்மைக்கு மருந்து போடுவது சாதாரண சிரிஞ்சால். 'அம்மையூசி' என்று எழுதினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் நினைப்பார்கள். அதோடு இந்த ஊசி பெரியம்மையோடு போய்விடவில்லை. ஒவ்வாமை கண்டறிய மருந்துத் துளியைத் தோலில் வைத்துக் குத்திப் பார்க்கிறார்களே, அதற்கும் இதே வடிவ ஊசி பயன்படுகிறது. நோயைப் பெயரில் கட்டிவைத்தால் அங்கே என்ன செய்வது?

'ஒழிந்த நோயின் ஊசிக்கு எதற்குச் சொல்' என்று கேட்டவருக்கும் இதில் பதில் இருக்கிறது. இயற்கையாகப் பெரியம்மை வந்த கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில். 1980 மே 8 அன்று நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் முன்னெச்சரிக்கைக்காக மருந்து இருப்பு வைத்திருக்கிற நாடுகள் இன்றும் உண்டு. 2007-இல் அமெரிக்கா உரிமம் கொடுத்த பெரியம்மை மருந்தையும் இதே கவட்டு நுனியால்தான் குத்த வேண்டும். ஊசிக்கு வேலை இன்னும் தீரவில்லை.

> மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன், 'கவை' என்றால் என் மாணவர்களுக்குத் தெரியாது. 'பிளவூசி' என்றால் உடனே புரியும்.

மருத்துவர் ஐயா, தாங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு மறுப்பு. 'பிளவு' என்று கேட்டதும் எனக்கு உடைந்துபோன பொருள்தான் மனதில் வருகிறது. பிளவுபட்ட எலும்பு, பிளவுபட்ட கட்சி. இந்த ஊசி பிளந்துபோகவில்லை, வேண்டுமென்றே இரண்டாகக் கிளைத்திருக்கிறது. அதற்கென்றே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. கிளை பிரியும் இடம் கவை, அப்படிப்பட்ட கம்பு கவைக்கோல், பாம்பின் நாக்கு கவைநாக்கு. முல்லைப்பாட்டில் யானையைப் பழக்குகிறவர்கள் கையில் 'கவைமுட் கருவி' இருக்கிறது. கவைத்த முள்ளை உடைய கருவி! யானையைக் குத்தியதைக் குழந்தை கைக்குச் சுருக்கினால் நம் ஊசி வந்துவிடுகிறது. இதைவிடப் பொருத்தமான முன்னோடியை நாம் உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது.

'கவைக்கு உதவாத சொல்' என்று யாரோ கேலி செய்திருந்தீர்கள். நல்ல கேலி, ரசித்தேன். ஆனால் அந்தக் கவை வேறு.

இழையில் வந்த மற்றப் பெயர்களில், 'கவட்டூசி' பேச்சுக்கு நெருக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் பின்வரிசை என்ன செய்யும் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 'முட்கரண்டி ஊசி'க்கு நான் பதில் எழுதப் போவதில்லை. 'ரூபின் ஊசி' நன்றி உள்ள பெயர், ஆனால் படம் தராத பெயர். மறுபடியும் ஓவியர் தவிப்பார்.

'காதறுந்த ஊசி' என்று எழுதியவருக்கு மட்டும் தனி வணக்கம். ஆங்கிலத்தில் அந்த ஓட்டை கண், நமக்கோ காது. ரூபின் செய்ததும் காதை அறுத்ததுதான். பிறந்த கதையையே பெயரில் வைத்துவிட்டீர்கள். ஆனால் காதற்ற ஊசி என்றதும் தமிழ்க் காதில் விழுவது சாவும் கடைசி வழியும். உயிர் காக்க வந்த கருவிக்கு அந்தப் பெயர் வேண்டாமே.

> நாங்கள் தடுப்பூசி ஏற்றுதல் என்றுதான் சொல்வோம். 'குத்துதல்' முரட்டுத்தனமாக இருக்கிறது.

இலங்கையிலிருந்து எழுதிய அக்காவுக்கு: ஏற்றுதல் நல்ல வினை. இங்கே செய்தித்தாள் 'செலுத்து'கிறது, வீட்டில் 'போடு'கிறோம். மூன்றும் சிரிஞ்சுக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே மருந்து ஒரு குழாய் வழியாக உள்ளே போகிறது. இந்த ஊசியில் எதையும் செலுத்துவதில்லை. நுனியில் ஒட்டிய துளியோடு குத்துகிறோம், துளி தானே இறங்குகிறது. பழைய தமிழில் 'அம்மை குத்துதல்' என்றுதான் சொன்னார்கள், குத்துகிற மருந்தை 'அம்மைப்பால்' என்றார்கள். சிரிஞ்சு வந்து பழக்கமானபின் அந்த வினை நமக்கு முரடாகிவிட்டது. ஆனால் 15 தடவை குத்துகிற வேலைக்குக் குத்து என்பதைத் தவிர எதைச் சொல்வது? முறையைப் 'பலகுத்து முறை' என்றும், முன்பிருந்ததைக் 'கீறல் முறை' என்றும் வைத்துக்கொண்டால் வேறுபாடு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

எனவே என் வாக்கு: கவையூசி. சேர்த்து எழுத வேண்டும். 'கவை ஊசி' என்று பிரித்தால் அச்சில் வேகமாகப் படிக்கிற கண்ணுக்குச் 'சுவை'யாகிவிடுகிறது. இதுவும் அனுபவம்தான்.

இன்னொரு சொல்லுக்கு உதவி வேண்டும். குத்தி ஒரு வாரம் போல ஆனதும் அந்த இடத்தில் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று திரும்ப வந்து பார்ப்பார்கள். எழும்பியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் அதை 'டேக்' என்பார்கள். ஒட்டுக்கட்டிய செடிக்கும் அதே சொல்தான். நாம் 'ஒட்டு பிடித்தது', 'வேர் பிடித்தது' என்கிறோம், ஆகவே 'பிடித்தல்' தயாராக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் நோயும் 'பிடிக்கும்', பேயும் 'பிடிக்கும்'. 'அம்மை குத்தியவர்களில் எத்தனை பேருக்குப் பிடித்தது' என்று எழுதினால் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று படிக்கலாம், எத்தனை பேர் அதை விரும்பினார்கள் என்றும் படிக்கலாம். இப்போதைக்குக் 'குத்து பிடித்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அந்தக் காலத்தில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் மேற்கையில் வட்டத் தழும்பு இருக்கும், அதைக் காட்டிக் கேட்டால் சொல் தானாக வரும்.

படத்தை மாற்றித் தர வேறொரு ஓவியரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. 'கையில் கவையூசியோடு ஒரு சுகாதாரப் பணியாளர்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன், விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். என்ன வரைகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
'இருமுனை' ஊசிக்காரன்