லேசர்ல எடுத்த புண் ஆற லேட் ஆகுமா?

பொண்ணுக்கு 11 வயசு, மேல் உதட்டையும் ஈறையும் ஒட்டியிருந்த சதையை திருநெல்வேலில ஒரு டென்டல் கிளினிக்ல டயோடு லேசர் வச்சு எடுத்தாங்க. ரத்தம் பெருசா வரல, தையலும் இல்ல, சாயங்காலமே இட்லி சாப்பிட்டா. ஆனா ரெண்டு வாரம் தாண்டியும் அந்த இடத்துல பாலாடை மாதிரி மஞ்சளா ஒரு படலம், பல்லு தேய்ச்சா எரியுதுன்னு அழுறா, பாக்கவே கஷ்டமா இருக்கு. காய்ச்சல், சீழ் இல்ல.

அண்ணன் பையனுக்கு இதையே கத்தியில வெட்டி தையல் போட்டாங்க, வீக்கம் இருந்துச்சு ஆனா ஒரு வாரத்துல மூடிடுச்சு. லேசர் சூடு பட்ட ஓரம் முதல்ல மெதுவாதான் ஆறும்னு டாக்டர் சொல்றாங்க, சரி. உப்புத்தண்ணி, குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எல்லாம் பண்ணியாச்சு, காரமும் நிறுத்தியாச்சு, மறுபடி போய் காட்டுனா வெயிட் பண்ணுங்கங்கறாங்க.

குழந்தைக்கு லேசர்ல இது பண்ணவங்க சொல்லுங்க, படலம் முழுசா போக எத்தனை வாரம் ஆச்சு?