மறுமொழி: ஓவியத்தை ஸ்கேன் செய்தாலும் படம் எடுத்தாலும் ஒரே சொல் – ‘படியெடுப்பு’

நண்பர்களுக்கு வணக்கம். ஓவியத்தை ஸ்கேனரிலோ கேமராவிலோ எடுத்து வைக்கும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசி வருகிறோம். அதில் வந்த இரண்டு யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> ‘ஓவிய வருடல்’ என்றே வைத்துவிடலாம். வருடி என்ற சொல் ஏற்கெனவே பரவிவிட்டது.

ஸ்கேனருக்கு வருடி என்ற பெயர் பரவியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். கண்ணாடிக்கு அடியில் விளக்கும் உணரியும் (சென்சார்) தாளைத் தடவிக்கொண்டு போவதை அந்தச் சொல் அப்படியே காட்டுகிறது. ஆனால் நாம் இப்போது பெயர் தேடுவது கருவிக்கு அல்ல. ஓர் ஓவியத்தை நிறமும் அளவும் கெடாமல் அச்சுக்கோ ஆவணத்துக்கோ எடுத்து வைக்கும் வேலைக்கு. அதில் பெரும்பகுதி கேமராவில்தான் நடக்கிறது.

ராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சுவரெல்லாம், விதானமெல்லாம் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். இராமாயணக் காட்சிகளும் உண்டு, சேதுபதி மன்னர் தஞ்சை மராட்டியரோடு போரிடும் காட்சியும் உண்டு. அவற்றின் மேல் எந்தக் கண்ணாடியும் படக்கூடாது. காரைமேல் நிற்கும் வண்ணம் உரசினால் உதிரும். அங்கே எடுப்பதை ‘வருடல்’ என்று எழுதினால், ஓவியத்தைத் தொட்டுத் தடவியதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

கீழக்கரையில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். எதை எதில் எடுப்பது என்பது படத்தைப் பொறுத்தது. ஏ4 தாளில் பேனாவால் வரைந்த வல்லம் படகோ மீனோ வந்தால் நேரே வருடிதான். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் 4960 × 7016 புள்ளிகள் கிடைக்கும்; கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி. வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே சீர், கோணல் கிடையாது. அதே வேலையை 24 மெகாபிக்சல் கேமராவில் செய்தால் 6000 × 4000, அதாவது 2.4 கோடிப் புள்ளிதான் வரும். அதற்கும் ஸ்டாண்டு, இரண்டு விளக்கு, நிறம் பார்க்கும் அட்டை எல்லாம் வேண்டும்.

சரி, அக்ரிலிக்கில் கட்டியாக வண்ணம் அப்பிய பாம்பன் பாலம் ஒன்று வருகிறது என்று வையுங்கள். வருடியின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்தே அடிப்பதால், அலைநுரையில் மேடாக நிற்கும் ஒவ்வொரு வெள்ளைத் தீற்றலுக்கும் ஒரு பக்கம் மட்டும் நிழல் விழும். மெலிந்த வகை வருடியாக இருந்தால், கண்ணாடியை ஒட்டாமல் சற்றே தள்ளியிருக்கும் பள்ளங்கள் மங்கிவிடும். தங்க ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர்ப் படத்தில் ரேக்கு பழுப்பாகவோ கறுப்பாகவோ விழும். அதிலிருந்து தெறிக்கும் ஒளி உணரிக்குப் போகாமல் வேறு திசையில் போய்விடுகிறது. கரித்துண்டிலும் பேஸ்டலிலும் வரைந்ததைக் கண்ணாடிமேல் கவிழ்க்கவே கூடாது, பொடி அதில் ஒட்டிக்கொள்ளும். இவை எல்லாவற்றுக்கும் கேமராதான். இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து, லென்ஸ் படத்துக்கு நேர் செங்குத்தாக இருக்கும்படி பார்த்து எடுக்கவேண்டும்.

கேமராவிலும் குறை உண்டு. இரண்டடிக்கு மூன்றடி ஓவியத்தை ஒரே ஷாட்டில் 24 மெகாபிக்சலில் எடுத்தால் அங்குலத்துக்கு 166 புள்ளிதான் வரும். சுவரில் மாட்டப் போதும், புத்தகத்தில் கிட்டத்தில் பார்க்கும் நுணுக்கத்துக்குப் போதாது. அப்போது பகுதி பகுதியாக எடுத்துச் சேர்க்கவேண்டியதுதான். எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஈரமும் உப்பும் கலந்த காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், வருடிக் கண்ணாடியில் மங்கல் படியும். கேமராவைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள். கண்ணாடியை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டே தொடங்குங்கள்.

> அப்படியானால் ‘ஓவிய நகலாக்கம்’?

நகல் என்றதும் தாசில்தார் அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் ஜெராக்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. ஒளிநகல் என்ற சொல்லும் அதற்கே நிலைத்துவிட்டது. நிறம் சரியா, விளிம்பு வெட்டுப்பட்டதா என்று யாரும் கேட்காத வேலை அது. ஓவியனோ நீலம் அரைக்கால் பங்கு மாறினாலும் கண்டுபிடித்துவிடுவான்.

கல்வெட்டுக்காரர்களிடம் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: படியெடுத்தல், மைப்படி. கல்லில் ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூசி எழுத்தை அப்படியே தாளில் எடுக்கிறார்கள். மூலத்துக்கு உண்மையாக இருப்பதுதான் அந்த வேலையின் உயிர். நமக்கும் அதுதான் வேண்டும். ஏட்டைப் படியெடுத்தார்கள் என்றும் காலங்காலமாகச் சொல்கிறோம். ஆகவே வேலைக்கு ‘ஓவியப் படியெடுப்பு’, கிடைப்பதற்கு ‘ஓவியப்படி’. வருடியில் எடுத்தது ‘வருடுபடி’, கேமராவில் எடுத்தது ‘ஒளிப்படி’.

‘படி’க்கு மாடிப்படி, அரிசிப்படி என்று பொருள்கள் மொய்க்கின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்னால் ஓவியம், வருடு, ஒளி என்று ஏதாவது நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. மைப்படியை இதுவரை யாரும் படிக்கட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஒளிப்படி’ ஒளிநகலோடு கலக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. ஒளிப்படம் என்ற சொல் புழக்கத்தில் இருப்பதால் கேமராவோடு சேர்த்தே படிப்பார்கள் என்பது என் எண்ணம். அச்சகத்தில் இருப்பவர்கள், அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்கள் இதைப் பற்றி எழுதினால் நல்லது. ‘ஒளிப்படி’க்குப் பதிலாக வேறு நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். ‘வருடுபடி’யை மட்டும் விடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.