பொது யூஎஸ்பி முனையில் சார்ஜ் போட்டால் பணம் போகுமா?

இளநாகன்:
ரயில் நிலையத்திலோ விமான நிலையத்திலோ உள்ள யூஎஸ்பி முனையில் கைப்பேசியைச் செருகினால், அடுத்த நிமிடமே வங்கிக் கணக்கு காலியாகிவிடும் என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஓர் எச்சரிக்கை சுற்றுகிறது. படித்தவர்களே இதைப் பரப்புவதுதான் எரிச்சலூட்டுகிறது. 2011இல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில், மின்சாரம் ஏறும் அதே யூஎஸ்பி கம்பி வழியாகத் தகவலும் திருடப்படக்கூடும் என்று காட்டுவதற்காக ஒரு சார்ஜிங் பெட்டியை வைத்தார்கள். அன்று பிறந்த அச்சம் இன்னும் ஓயவில்லை. பொது முனையில் சார்ஜ் போட்டதால் பணம் போனது என்று நிரூபணமான வழக்கு ஒன்றையாவது காட்டுங்கள்.

மணிமேகலை:
இது பொறுப்பற்ற பேச்சு. 2023 ஏப்ரலில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் இதே முனைகளைப் பற்றி எச்சரித்தது. நம் ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டிலும் இது இடம்பெற்றிருக்கிறது. இவர்கள் எல்லோரையும்விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

இளநாகன்:
எச்சரிக்கை என்பது வழக்கு ஆகாது. நான் கேட்டது வழக்கு. 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தது முதல், புதிய கணினியோடு இணைக்கும்போது அதை நம்பலாமா என்று ஐபோன் நம்மிடம் கேட்கிறது. ஆண்ட்ராய்டு 6 முதல், செருகியவுடன் மின்சாரம் மட்டுமே ஏறும். கோப்புகளைப் பகிர வேண்டுமென்றால் நாமே அனுமதிக்க வேண்டும்.

வலைக்காவலன்:
அந்த அனுமதிக் கேள்வியைத்தான் 2025இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் உடைத்துக் காட்டினார்கள். தீய சார்ஜர் விசைப்பலகை போல நடித்து, திரையில் எழும் கேள்விக்கு உங்கள் சார்பில் தானே சம்மதம் சொல்லிவிடுகிறது. இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

இளநாகன்:
அது ஆய்வகத்தில் நடந்தது. அதைத் தடுக்கும் மாற்றங்களை ஆப்பிளும் கூகுளும் புதிய பதிப்புகளில் கொண்டுவந்துவிட்டன. நான் கேட்ட வழக்கு எங்கே?

வலைக்காவலன்:
புதிய பதிப்பு யாரிடம் இருக்கிறது? அப்டேட் நின்றுபோன பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஜிபே வைத்திருப்பவர்கள் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆன்டிவைரஸ் செயலி பற்றி இங்கே முன்பு நடந்த விவாத இழையிலும் நீங்கள் இப்படித்தான் எல்லோரிடமும் விலையுயர்ந்த கைப்பேசி இருப்பதாக நினைத்து வாதாடினீர்கள்.

இளநாகன்:
பழைய இழையை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கும் என் கேள்விக்கு நீங்கள் விடை தரவில்லை. பழைய கைப்பேசிதான் ஆபத்து என்றால், அப்டேட் செய்யச் சொல்லியோ கைப்பேசியை மாற்றச் சொல்லியோ எச்சரிக்கை எழுதுங்கள். சார்ஜிங் முனையின் மேல் பழியைப் போடாதீர்கள்.

தாமிரபரணி:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பைத் திறந்து நிறுவியவர்கள்தான் உண்மையில் பணத்தை இழக்கிறார்கள். அந்தச் செயலி குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியைக் கேட்கிறது. கொடுத்துவிட்டால், வங்கியின் ஓடிபி நம் கண்ணில் படுவதற்குள் திருடனுக்குப் போய்விடுகிறது. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காமல் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை அழைக்க வேண்டும்.

இளநாகன்:
என் கோபமும் இதுதான். ஏபிகே பற்றி ஒரு சொல் எழுதாத அதே குழுவில், சார்ஜிங் முனையைப் பற்றிய பதிவு மட்டும் வாரந்தோறும் வருகிறது. நம் பெரியவர்கள் முனையைப் பார்த்து அஞ்சி ஒதுங்கிவிட்டு, வந்த அழைப்பிதழை நம்பிக்கையோடு திறக்கிறார்கள்.

மணிமேகலை:
ஓர் ஆபத்தைச் சொல்வதால் இன்னோர் ஆபத்து எப்படி மறைந்துபோகும்? சொந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள் என்று என் தந்தையிடம் சொல்லிவிட்டேன். அதனால் அவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. வழக்கு பதிவாகும்வரை காத்திருக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இளநாகன்:
அடாப்டரை எடுத்துச் செல்ல வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? எழுதாததை என் வாயில் திணிக்காதீர்கள். 2011இலிருந்து இத்தனை ஆண்டுகளாக எச்சரிக்கிறீர்கள்; வழக்கைக் காட்டுங்கள்.

வலைக்காவலன்:
எந்த முனையில் தகவல் போனது என்பதே தெரியாதவர் எதைச் சொல்லிப் புகார் கொடுப்பார்? முதலில் அதற்கு விடை சொல்லுங்கள், பிறகு வழக்கைக் கேட்கலாம்.