ஜிபிஎஸ் கருவிக்கு வேறு சார்ஜர் போடலாமா?

கேள்வி:
காரில் பழைய கார்மின் நூவி என்ற ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவி வைத்திருக்கிறேன். வால்பாறை மலைப்பாதையில் கைபேசி சிக்னல் விட்டுப்போனாலும் இது வழிகாட்டும். உடன் வந்த சார்ஜரின் வயர் கழுத்தில் நைந்துவிட்டது. கடையில் வாங்கிய மினி யுஎஸ்பி கேபிளைச் செருகினால், வரைபடம் மறைந்து திரையில் கணினிப் படம் வந்து நிற்கிறது. கருவி கெட்டுவிட்டதா?

பதில்:
கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை ஐயா, கவலைப்படாதீர்கள். பழுதுபார்க்கும் மேசையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மினி யுஎஸ்பி முனையில் ஐந்து பின்கள் உண்டு. கார் சார்ஜரில் நான்காவது பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே சுமார் 18 கிலோ ஓம் மின்தடை இருக்கும். சாதாரண கேபிளில் அந்தப் பின் வெறுமனே கிடப்பதால், கணினியில் இணைத்திருப்பதாக நூவி எடுத்துக்கொள்கிறது. வேறு நிறுவனத்தின் சார்ஜர் தாராளமாகப் போடலாம். நூவிக்கென்றே செய்த கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்:
வேண்டாம். காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் மின்சுற்று மட்டமாக இருந்தால் மின் இரைச்சலைக் கிளப்பும். 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் செயற்கைக்கோள் சிக்னல் மிகவும் மெலிது, அதில் அமுங்கிவிடும். சார்ஜரைப் பிடுங்கியதும் சிக்னல் கோடுகள் உயர்ந்தால், கோளாறு சார்ஜரில்தான்.

மற்றொருவர்:
லாரிக்கு வாங்குபவர்கள் 24 வோல்ட் தாங்குமா என்று சார்ஜர் மேல் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள்.