மைல்ஸ் எந்தக் கணக்குல சேக்கறது? இன்னைக்கு ராத்திரி டிக்கெட் போடோணும்

கோபிப் பையன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊரை விட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. ஆவணியில தங்கச்சி கல்யாணம். டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறுது, இன்னைக்கு ராத்திரியே போட்டாகோணும். திரும்பி வரையில அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வரோணும். பறக்கறதுக்கு ஏர்லைன்காரங்க குடுக்கற புள்ளிதானுங்களே மைல்ஸ், இங்க வந்த பயணத்துக்கு அது ஒண்ணுமே ஏறல. எந்த ஏர்லைனோட மைல்ஸ் கிளப்புல சேந்தா லாபமுங்க? மூணு டிக்கெட்டுக்கும் காசு நான்தான் கட்டறேன், மைல்ஸ் முச்சூடும் எனக்கே வருமுங்களா? நெம்ப வெசனமா இருக்குது.

ஈரோடு–துபாய்:
எமிரேட்ஸோட கிளப் ஸ்கைவார்ட்ஸ்ல சேருங்க. ஆனா மலிவு டிக்கெட்டுக்கும் விலை கூடின டிக்கெட்டுக்கும் ஏறுற மைல்ஸ்ல பெரிய வித்தியாசம் உண்டு, அதைப் பாத்துக்கோங்க. அதுல சில்வர்ங்கற மேல்படிக்குப் போனா 12 கிலோ கூடுதலாக் கொண்டு போகலாம். அதுக்கு 25,000 டயர் மைல்ஸ், அதாவது படி ஏறறதுக்குன்னு எண்ணுற மைல்ஸ், வேணும். வருசத்துக்கு ஒருக்கா ஊருக்குப் போறவங்களுக்கு அது எட்டாது. 3 வருசத்துல மைல்ஸ் காலாவதி ஆயிரும்.

பொள்ளாச்சி–டொரான்டோ:
புதுசா வந்தவங்களுக்குப் பறந்து மைல்ஸ் சேராதுங்க, கார்டுலதான் சேரும். ஏர் கனடாவோட கிளப் ஏரோபிளான், அந்த கிரெடிட் கார்டு எடுங்க, சேரும்போதே போனஸ் புள்ளி தருவாங்க. 3 வருசக் கெடு எல்லா இடத்துலயும் கிடையாது. ஏரோபிளான்ல 18 மாசத்துக்குள்ள ஒருக்கா சேத்தாலோ செலவு பண்ணினாலோ கணக்கு உசுரோட இருக்கும்.

தாராபுரம்–லண்டன்:
வந்த கையோட கார்டு எடுக்கச் சொல்லாதீங்க. அந்த போனஸ் வேணும்னா முதல் சில மாசத்துல அவங்க சொல்ற தொகைக்குச் செலவு பண்ணியாகோணும். வாடகை முன்பணம், கட்டில், மெத்தை, குளிருக்குத் துணின்னு கை கடிக்கிற நேரம் அது. ஒரு மாசம் பாக்கி நின்னாலே வட்டி மைல்ஸை முழுங்கிரும். அப்புறம் மைல்ஸ் டிக்கெட்னா இனாம்னு நெனைக்காதீங்க. வரியும், ஏர்லைன் போடுற சர்சார்ஜ்ங்கற கூடுதல் கட்டணமும் கையிலிருந்துதான் கட்டோணும், லண்டன்ல இருந்து கிளம்பறப்ப அது பெரிய தொகை.

ஈரோடு–துபாய்:
இதுக்கெல்லாம் காரணம் நம்மூரு ஏர்போர்ட்தானுங்க. கோயமுத்தூர்ல இருந்து ஷார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் விட்டா நேரா எங்க போகலாம்? விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கறதே 10 வருசத்துக்கு மேல இழுத்துச்சு.

தாராபுரம்–லண்டன்:
வாளையாறு தாண்டி கொச்சிக்கு ஓடோணும், இல்லீனா பெங்களூருக்கு. திருப்பூர்ல இருந்து ஏற்றுமதி பண்றவங்களுக்கும் இதே பாடுதான்.

பொள்ளாச்சி–டொரான்டோ:
சென்னை போயி ஏறலாம்னு உள்நாட்டு டிக்கெட் தனியா வாங்கினா அதுல 15 கிலோதான் பெட்டி. மிச்சத்துக்குக் கட்டுற காசுல ஒரு வருச மைல்ஸ் போயிரும். முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது விமானம் உங்களுக்காக நிக்காது, அந்த டிக்கெட்டும் வீண்.

பெருந்துறை அக்கா:
தம்பி கேட்டதை எல்லாரும் விட்டுட்டீங்களே. கண்ணு, நீ எந்த நாட்டுல இருக்கற, எந்த ஏர்லைன்ல வந்தே, எதுவுமே சொல்லல. ஈ-டிக்கெட்டை எடுத்துப் பாரு. ஆறு எழுத்துல இருக்கறது பிஎன்ஆர்ங்கற புக்கிங் நம்பர், அது வேண்டாம். 13 இலக்க எண் ஒண்ணு இருக்கும். 176ல ஆரம்பிச்சா எமிரேட்ஸ், 157 கத்தார், 098 ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். உனக்கு எது?

கோபிப் பையன்:
618ங்க அக்கா. மெல்போர்ன்ல இருக்கேன். கோயமுத்தூர்ல இருந்து சிங்கப்பூருக்கு அவங்களோட மலிவு விமானம் ஸ்கூட், அங்கிருந்து பெரிய விமானம், எல்லாம் ஒரே டிக்கெட். சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிளப் கிரிஸ்ஃபிளையர்ல கணக்கு, விமானம் ஏறறதுக்கு முன்னாடியே தொடங்கிட்டேன். ஏஜென்ட் டிக்கெட்ல அந்த நம்பரைப் போடல.

பெருந்துறை அக்கா:
அப்ப வெசனப்படாதே. பறந்த நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள வெப்சைட்ல கிளைம் போடலாம். 13 இலக்க எண்ணும் போர்டிங் பாஸும் கையில இருக்கட்டும், மைல்ஸ் ஏறுற வரைக்கும் ரெண்டையும் தூக்கிப் போடாதே. கிளைம் போடறதுக்கு முன்னாடி பேரைப் பாரு. நம்ம பாஸ்போர்ட்ல இன்ஷியல் விரிஞ்சு அப்பா பேரு சில பேருக்கு சர்நேம் கட்டத்துல இருக்கும், சில பேருக்கு அந்தக் கட்டமே காலியா இருக்கும். டிக்கெட்ல ஒரு மாதிரி, கணக்குல வேற மாதிரி இருந்தா ஏறாது. பாஸ்போர்ட் நகல் அனுப்பி கணக்குல பேரை டிக்கெட் மாதிரியே திருத்து. அது சரியான பொறவு கிளைம் போடு.

காசு யாரு கட்டினாலும் மைல்ஸ் பறக்கறவங்களுக்குத்தான். அப்பா அம்மாவுக்குத் தனித்தனிக் கணக்குத் தொடங்கி, டிக்கெட் போடறப்பவே அவங்க நம்பரைக் குடு. உன்ற மைல்ஸ்ல அவங்களுக்கு டிக்கெட் எடுக்கறது வேற விசயம். அதுக்கு உன்ற கணக்குல அவங்களை நாமினியாச் சேக்கோணும், 5 பேரு வரைக்கும் சேக்கலாம்.

ஆவணிக்கு மைல்ஸ் டிக்கெட் தேடி நேரத்தை ஓட்டாதே. முகூர்த்தம் தள்ளிப் போகாது, வெயிட்லிஸ்ட்ல நின்னு சீட்டு வரலீனா கடைசில ரெட்டை விலை குடுக்கோணும். காசுக்கே போடு. பின்னாடி எப்பவாச்சும் மைல்ஸ்ல எடுக்கறதா இருந்தா இப்படிக் கணக்குப் போடு: காசு டிக்கெட் 60,000 ரூபாய், மைல்ஸ் டிக்கெட்டுக்கு 30,000 மைல்ஸும் வரி 15,000 ரூபாயும்னு வெச்சுக்கோ. மிச்சமாகிறது 45,000, ஒரு மைலுக்கு ஒன்றரை ரூபாய் பெறுது. மைல்ஸ்ல போற டிக்கெட்டுக்குப் புது மைல்ஸ் ஏறாது, அதையும் கழிச்சுக்கோ.

கோபிப் பையன்:
இன்னொண்ணுங்க அக்கா. ஏர் இந்தியா 4,000 ரூபாய் குறைவாக் காட்டுது, டெல்லி வழியா, ஒரே டிக்கெட். மைல்ஸுக்காக அதை விடலாமுங்களா?

பெருந்துறை அக்கா:
விடாதே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மாதிரியே ஏர் இந்தியாவும் ஸ்டார் அலையன்ஸ்ங்கற ஏர்லைன் கூட்டணிதான், கிரிஸ்ஃபிளையர் நம்பரை அதுலயும் போடலாம். ஆனா ஒரு பயணத்துக்கு ஒரே கணக்குலதான் ஏறும். டிக்கெட்ல கிளாஸ்னு போட்டிருக்கிற ஆங்கில எழுத்தைப் பாத்துட்டு கிரிஸ்ஃபிளையர் பட்டியல்ல ஒத்துப் பாரு. சில எழுத்துக்குப் பாதி ஏறும், சிலதுக்குக் கால், அடிமட்ட விலைக்கு ஒண்ணுமே ஏறாம போகலாம். ஏறலீனாலும் 4,000 ரூபாய் கையில நிக்குது. அப்பா அம்மாவுக்கு டெல்லியில எத்தனை மணி நேரம் காத்திருக்கோணும்னு மட்டும் பாத்துட்டுப் பணத்தைக் கட்டு.